ஸ்கோப் பார்த்த கண்கள்

போன வாரம் பேத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஒரு சின்னக் காகித உறையைக் கிழித்தாள். உள்ளே மடித்து வைத்த ஈரத்தாள். ஒரு நொடியில் கூடம் முழுக்க ஸ்பிரிட் வாசம். "ஏன் பாட்டி அப்படியே நின்னுட்டீங்க?" என்றாள். சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அந்த வாசம் என்னை எப்போதும் இரண்டு இடங்களுக்குக் கூட்டிப்போகும். ஒன்று, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த மின்னணு பேக்டரி. மேசைக்கு மேசை பிளாஸ்டிக் குப்பியில் ஐ.பி.ஏ. என்ற திரவம் இருக்கும். இடுக்கி, தட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் அதைத் தொட்டுத்தான் துடைப்போம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து குளித்தாலும் விரல் இடுக்கில் அது கொஞ்சம் மிச்சமிருக்கும். இன்னொன்று, பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியின் அணு மருத்துவப் பிரிவு. எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போடுமுன் மிஸ்ஸி என் முழங்கை மடிப்பைப் பஞ்சால் துடைத்தபோது அதே வாசம் வந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்றதுபோல் ஒரு தைரியம்.

நான் பேக்டரிக்கு வந்த நாட்களில் பாயான் லெப்பாஸ் பாதி வயல்தான். 1969இல் பினாங்கின் சுங்கமில்லாத் துறைமுகச் சலுகை பறிபோய், ஊரில் வேலையில்லாத கூட்டம் பெருகிக் கிடந்தது. அப்போது முதலமைச்சராக வந்தவர் டாக்டர் லிம் சோங் இயூ. 1972இல் நெல் வயலும் மீனவர் கம்பமுமாக இருந்த இந்தப் பக்கத்தில் தொழிற்பேட்டை திறந்தது. இண்டெல், ஏ.எம்.டி., ஹித்தாச்சி, போஷ், கிளேரியன் என்று முதலில் வந்து இறங்கிய எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்' என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதினேழு வயது. பாலம் கிடையாது, பட்டர்வொர்த்தில் பெரி ஏறி, இக்கரையில் மஞ்சள் பஸ் பிடித்து, ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினேன். கம்பத்து வீடொன்றில் மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், நாங்கள் இரண்டு தமிழ்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஓர் அறைக்கு வாடகை கொடுத்தோம். இரவு ஷிப்ட் பெண்களைப் பற்றி ஊரில் கண்டபடி பேசினார்கள். ஊருக்கு அனுப்பிய மணியார்டரைப் பற்றி யாரும் பேசவில்லை.

வேலை என்னவென்றால், ஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மைக்ரோஸ்கோப்பைத்தான் நாங்கள் ஸ்கோப் என்போம். சில்லுக்கும் அதன் கால்களுக்கும் இடையே தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைப் பொருத்துவோம். சில ஆண்டுகளில் என்னைப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பொருத்தியது சரியா, கம்பி வளைந்திருக்கிறதா, பக்கத்துக் கம்பியைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். சில்லுக்குக் கறுப்பு மூடி போட்ட பிறகு ஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. அதற்குத் தனியாக எக்ஸ்ரே அறை இருந்தது. ஆக, எக்ஸ்ரே படம் பார்ப்பதை நான் ஆஸ்பத்திரியில் கற்கவில்லை. மூடியிருக்கும் ஒரு பொருளின் உள்ளே வெள்ளையும் கறுப்புமாகத் தெரிவதை வைத்து, இது நல்லதா கெட்டதா என்று தடுமாறுவதே பல ஆண்டுகள் என் சம்பளமாக இருந்தது.

எங்கள் லைனை நடத்திய மலாய் அக்காவைக் 'காக்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பரிசோதனையில் தப்பு இரண்டு வகை. கெட்ட சில்லு நம் கண்ணுக்குத் தப்பிப் போய்விடுவது ஒன்று. அதற்கு 'எஸ்கேப்' என்று பேர். நல்ல சில்லைக் கெட்டது என்று ஒதுக்குவது இன்னொன்று, அது 'ஓவர்கில்'. ஒன்றுகூடத் தப்பக் கூடாது என்று அளவுகோலை இறுக்கினால் நல்லதெல்லாம் குப்பைக் கூடைக்குப் போகும். தளர்த்தினால் கெட்டது வெளியே போகும். இரண்டையும் ஒரே பார்வையில் ஒழிக்கும் கருவியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் சந்தேகம் வந்தால் உடனே ரிஜெக்ட் எழுதாதே, 'ஹோல்ட்' தட்டில் வை என்பார். ஹோல்ட் தட்டில் உள்ளதை வேறொரு முறையில் பார்ப்பார்கள். அதிலும் தெளியவில்லை என்றால் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டித் தேய்த்து ஸ்கோப்பில் வைப்பார்கள். வெட்டிப் பார்த்ததுதான் கடைசிச் சொல். படம் பார்த்துச் சொன்னது எதுவும் கடைசிச் சொல் கிடையாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது, டாக்டர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் நான் காக்கின் குரலில்தான் கேட்டேன்.

எங்கள் குடும்பத்தில் நான் முதல் ஆள் இல்லை. தோட்டத்து லயத்தில் பெரியம்மாவுக்கு இதே நோய் வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதன் பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'அந்த வியாதி' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. பெரியம்மா கட்டியை முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பால் வெட்டப் போனார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த டிரெசர் ஆம்பளை. அவரிடம் எப்படிக் காட்டுவது? மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டார்கள். புண்ணாகி வாடை வந்த பிறகுதான் டவுனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நெஞ்சுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள். பழுப்பு உறையில் வந்த அந்தப் படத்தைப் பெரியப்பா லயத்து வாசலில் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சுற்றி நின்ற எல்லோரும் பார்த்தார்கள். விலா எலும்பு தெரிந்தது. வேறு எதுவும் யாருக்கும் புரியவில்லை. டாக்டர் மலாயில் சொன்னது கிராணியின் வாய் வழியாக வந்து சேர்ந்தபோது அதில் பாதி காணாமல் போயிருந்தது.

எத்தனையோ ஆண்டுகள் கழித்து ஒரு செய்தியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், அறுவை செய்து எடுத்த 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, புற்றுநோய் படத்தில் எப்படித் தெரியும் என்று 1913லேயே எழுதி வைத்திருக்கிறார். பெரியம்மா அப்போது பிறக்கவே இல்லை. அந்த அறிவு பெர்லினிலிருந்து எங்கள் லயத்துக்கு வந்து சேர இரண்டு தலைமுறை போதவில்லை.

எனக்கு அது வந்து சேர்ந்தது ஓர் அரசாங்கக் கடிதமாக. வேலையின் கடைசி ஆண்டுகளில் இருந்தேன். 2013இல் பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு இலவச உடல் பரிசோதனைக்குப் பவுச்சர் அனுப்பத் தொடங்கியது. பெண்களுக்கு மேமோகிராமும் அதில் சேர்த்தி. என் வயதுப் பெண்கள் பலர் அதை அலமாரியில் போட்டுவிட்டார்கள். எனக்குப் பெரியம்மா ஞாபகம். போனேன்.

பவுடர் போடக் கூடாது, அக்குளுக்கு எதுவும் பூசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அவற்றில் இருக்கும் உலோகத் துணுக்குகள் படத்தில் வெள்ளைப் பொட்டாக விழும், சுண்ணாம்புப் படிவு என்று தப்பாக நினைக்க இடமுண்டு என்றார் படம் எடுக்கும் மலாய்ப் பெண். இதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. தூசியைக் குறை என்று எண்ணிவிடக் கூடாது என்பது எங்கள் தொழிலிலும் முதல் விதி. அப்புறம் கழுத்தில் இருப்பதைக் கழற்றச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து தாலியைக் கழற்றியதில்லை. நான் தயங்குவதைப் பார்த்த அந்தப் பெண், இதை எத்தனையோ தமிழ்ப் பெண்களிடம் கண்டிருப்பார் போல, அவசரப்படுத்தாமல் திரும்பி நின்றுகொண்டார். பையில் இருந்த மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தாலியைக் கைக்குட்டையில் முடிந்தேன். இப்போது என் மருமகள் ஸ்கேனுக்குப் போகிற காலையில் வீட்டிலேயே சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் கையில் நடுக்கம் கிடையாது. அது எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஒரு மார்புக்கு இரண்டு படம்: மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. பலகை அழுத்துவது சில நொடிதான், ஆனால் வலிக்கும். சதை பரவினால்தான் ஒன்றன்மேல் ஒன்று மறைக்காமல் தெரியும், கதிரும் குறைவாகப் போதும். சில நாளில் மறுபடியும் வரச் சொல்லி அழைப்பு. 'பை-ராட்ஸ் 0' என்று எழுதியிருந்தது. வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். எனக்கு மட்டும் அது ஹோல்ட் தட்டு என்று உடனே பிடிபட்டது. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் 1993இல் வகுத்த வரிசை அது. 0 என்றால் இன்னும் பார்த்து முடியவில்லை. 1ம் 2ம் நல்ல செய்தி. 3 என்றால் அனேகமாக ஒன்றுமில்லை, சில மாதத்தில் திரும்பப் பார்ப்போம். 4 என்றால் வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். 5 என்றால் புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அப்போதும் வெட்டிப் பார்த்துத்தான் சொல்வார்கள். 6 என்பது ஏற்கெனவே உறுதியானது. இந்த 4 இருக்கிறதே, அதன் வீச்சு மிகப் பெரியது. நூற்றில் இரண்டு பேருக்கு இருக்கலாம் என்பதிலிருந்து தொண்ணூற்றைந்து பேருக்கு இருக்கலாம் என்பது வரை எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடக்கம். அதனால்தான் அதை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். வெறும் நான்கு என்று கேட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கூடவே ஓர் எழுத்து இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

எனக்கு அந்த 0, 4சி ஆனது இப்படித்தான். அழுத்திய இடத்தில் இன்னொரு படம், பிறகு அல்ட்ராசவுண்ட். கட்டி திரவமா திடமா, ஓரம் வழுவழுப்பா முள்ளு முள்ளாகவா, அகலத்தைவிட உயரம் கூடுதலா என்று அது பார்க்கும். அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கும். எனக்குக் கட்டியிருந்தது. அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டு, பேனா மாதிரியான ஒன்றால் டக் டக்கென்று சதைத் துணுக்குகளை எடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த முடிவுதான் கடைசிச் சொல். அதைச் சொன்ன இளம் டாக்டர் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் பேக்டரி பஸ் ஓட்டியவர். எந்த நெரிசலிலும் பதறாத மனுஷன். அவர் கை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

உண்மையில் படங்களை அறிந்துகொள்ள வேண்டிய காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. வியாதி இருக்கிறதா என்பது முடிந்துபோன கேள்வி. எங்கே வரை இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. முதல் குழப்பம் அளவில் வந்தது. மேமோகிராமில் ஓர் அளவு, அல்ட்ராசவுண்டில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பத்து நாளில் வளர்ந்துவிட்டது என்று என் மகள் தூங்கவில்லை. அவளை உட்கார வைத்துச் சொன்னேன்: ஒரே சில்லை ஸ்கோப்பில் அளந்தால் ஒன்று வரும், எக்ஸ்ரேயில் அளந்தால் ஒன்று வரும், ஆள் மாறினாலும் மாறும். வளர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் அதே கருவியில் அதே மாதிரி அளந்ததோடுதான் ஒப்பிட வேண்டும். மறுநாள் டாக்டரும் அதையே சொன்னார். அறுவைக்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் அளப்பதுதான் முடிவான அளவு என்றும் சொன்னார்.

நெறி கட்டியிருந்ததால் எனக்குச் சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் எழுதினார்கள். மார்பகப் புற்றுநோய் பரவினால் எலும்பு, ஈரல், நுரையீரல் பக்கம் போகும் வழக்கம் உண்டு. ஈரலையும் நுரையீரலையும் சி.டி. பார்க்கும். சாய ஊசி உள்ளே போனதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு ஓடியது, ஆடையை நனைத்துவிட்டோமோ என்று தோன்றியது. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று மிஸ்ஸி முன்னாலேயே சொல்லியிருந்ததால் பயமில்லை. இந்தக் கருவியில் முதல் நோயாளியைப் பார்த்தது 1971இல், லண்டனில். அதைச் செய்த ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் வேலை பார்த்தது இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தில். எங்கள் லயத்தில் ஒரே ஒரு வீட்டில் இருந்த நாய்ப்படம் போட்ட தட்டுகளுக்கும் அந்த நிறுவனத்துக்கும் உறவு உண்டு. 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எலும்பு ஸ்கேன் வேறு மாதிரி. கருவியிலிருந்து கதிர் வருவதில்லை; நம் உடம்பிலிருந்து வருகிறது. டெக்னீஷியம் என்ற பொருளை ஊசியில் ஏற்றுவார்கள். 1937இல் இத்தாலியில் கண்டறிந்தது. மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகத் தேய்ந்துவிடும் என்பதால் வாங்கி அடுக்கி வைக்க முடியாது. தாய்ப்பொருள் ஒரு குடுவையில் இருக்கும். தினம் காலையில் அதிலிருந்து அன்றைக்கு வேண்டியதைக் கறந்துகொள்கிறோம் என்று அங்கிருந்த சீனத் தம்பி விளக்கினான். அம்மா விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் அன்றைய பாலை வெட்டி எடுத்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஊசி போட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எலும்பு எங்கே சுறுசுறுப்பாகத் தன்னைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறதோ அங்கே அந்தப் பொருள் கூடுதலாகப் போய் ஒட்டும். படத்தில் அந்த இடம் கறுத்துத் தெரியும்.

இந்த ஒரு வரி புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். எலும்பு பழுது பார்ப்பது புற்றுநோய்க்காக மட்டும் அல்ல. மூட்டுத் தேய்மானம், பழைய அடி, பல் பிடுங்கிய இடம் எல்லாமே கறுக்கும்.

என் படத்தில் கழுத்தெலும்பில் ஓர் இடம், இடது முட்டியில் ஓர் இடம். சிறுநீரகமும் மூத்திரப்பையும்கூடத் தெரிந்தன. அது அந்தப் பொருள் வெளியேறும் வழி, வியாதி அல்ல. அறிக்கையில் கழுத்தைப் பற்றி, 'தேய்மானமாக இருக்கலாம், எக்ஸ்ரேயோடு ஒப்பிடவும்' என்று எழுதியிருந்தது. டாக்டர் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை மணி நேரம் குனிந்திருப்பீர்கள் என்றார். எட்டு, ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு. கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தேய்மானம்தான் என்று உறுதி செய்தார்கள். பல ஆண்டுகள் ஸ்கோப்புக்கு முன்னால் கழுத்தை நீட்டியபடி உட்கார்ந்திருந்ததை எந்தச் சான்றிதழிலும் யாரும் எழுதித் தரவில்லை. எலும்பு எழுதி வைத்திருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதது பயத்தால் அல்ல.

சி.டி.யில் ஈரலில் நீர்க்கட்டி ஒன்று. அது பாட்டுக்கு இருக்கும், விட்டுவிடலாம் என்றார்கள். நுரையீரலில் சில மில்லிமீட்டருக்குள் ஒரு பொட்டு. ஊசி வைத்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சின்னது. எப்போதோ வந்துபோன காசநோயின் தழும்பாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுப்போம் என்றார் டாக்டர். இந்த ஆறு மாதம்தான் ஸ்கேன்களிலேயே கடினமான பகுதி என்று நான் நினைக்கிறேன். படம் எடுத்தாகிவிட்டது, பதில் படத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. அந்தப் பொட்டை வைத்துக்கொண்டே கீமோ, அறுவை எல்லாம் நடந்தன. திரும்ப எடுத்தபோது அது அப்படியே இருந்தது. அடுத்த முறையும் அப்படியே. இன்றைக்கும் இருக்கிறது.

இதனால் எனக்கொரு பழக்கம் வந்தது. அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் கடைசிப் பத்திக்குப் போவார்கள். நான் மேலே இருக்கும் ஒரு வரியைத் தேடுவேன்: எந்தப் பழைய படத்தோடு ஒப்பிட்டார்கள்? ஒப்பிடப் படம் இல்லை என்றிருந்தால் அந்த அறிக்கைக்கு ஒரு கண்தான் என்று வைத்துக்கொள்வேன். அதனால் வீட்டில் ஒரு படம்கூடத் தூக்கிப் போட்டதில்லை. முதலில் பெரிய உறைகளில் பிலிம், பிறகு வட்டுகள். இப்போது ஒரே ஆஸ்பத்திரிக்குள் கணினியிலேயே எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வேறோர் இடத்துக்குப் போகும்போது நாம்தான் சுமந்து போக வேண்டியிருக்கிறது.

கதிர்ச் சிகிச்சை எனக்கு ஃபெட்டஸ் பார்க்கில் உள்ள மவுண்ட் மிரியம் மருத்துவமனையில் நடந்தது; கன்னியாஸ்திரிகள் தொடங்கிய இடம். அங்கேயும் ஆரம்பத்தில் ஒரு சி.டி. மறுபடியும் என்ன தேடுகிறார்களோ என்று பக்கத்துப் படுக்கைப் பெண்மணி கலங்கினார். அந்தப் படம் எதையும் தேடுவதில்லை. கதிரை எந்தக் கோணத்தில் விட்டால் இதயத்திலும் நுரையீரலிலும் குறைவாகப் படும் என்று கணக்குப் போட எடுப்பது. தோலில் கடுகளவு பச்சைப் புள்ளிகள் குத்தினார்கள், தினமும் அதே இடத்தில் படுக்க வைப்பதற்காக.

காத்திருக்கும் பெஞ்சில்தான் எல்லாப் பேச்சும் நடக்கும். பெரியம்மா காலத்தில் வாயைத் திறக்காத பெண்கள். இப்போது ஸ்கேன் பேரைச் சொல்லி ஒருத்திக்கொருத்தி விசாரிக்கிறார்கள். அந்த மாற்றத்தை நான் கைகூப்பி வரவேற்கிறேன். 2007 முதல் 2011 வரையான நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு சீனப் பெண்களில் 22இல் ஒருவருக்கு, இந்தியப் பெண்களில் 24இல் ஒருவருக்கு, மலாய்ப் பெண்களில் 35இல் ஒருவருக்கு. அடுத்த ஐந்தாண்டுப் பதிவேட்டில், கண்டுபிடிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் நிலையில் வந்தவர்கள். முந்தானைக்குள் மறைப்பது இன்னும் முடிந்தபாடில்லை.

ஆனால் பெஞ்சுப் பேச்சில் ஒரு புது நோவும் வந்திருக்கிறது. உனக்குப் பெட் ஸ்கேன் எடுத்தாங்களா, எனக்கு எடுக்கலையே என்ற நோவு. எடுக்காதவர்களுக்கு ஏதோ குறைத்துக் கொடுத்ததாக மனக்குறை. பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகமாகத் தின்னும் இடங்களைக் காட்டும். காலையில் பட்டினி, ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் அசையாமல் பேசாமல் படுத்திருக்க வேண்டும், ஏனென்றால் வேலை செய்யும் தசையும் சர்க்கரை தின்னும். புண், சளி, தடுப்பூசி போட்டபின் வீங்கிய நெறி எல்லாமும் அதில் ஒளிரும். தேவையான இடத்தில் அது மிக நல்ல கருவி. ஆரம்ப நிலையில், பரவியிருக்க வாய்ப்புக் குறைந்தவர்களுக்குப் பெட், சி.டி., எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமே 2012இல் சொன்னது. தேடப் போகிற பொருள் அனேகமாக இல்லாத இடத்தில் வலையை இறுக்கினால் கிடைப்பதெல்லாம் ஓவர்கில்தான். அப்புறம் அந்த ஒவ்வொரு பொட்டுக்கும் ஓர் ஊசி, ஒரு மாதக் காத்திருப்பு, சிகிச்சைக்குத் தாமதம்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இங்கேதான் ஒரு பேக்டரியில் இரவு ஷிப்ட். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. "ஆன்ட்டி, நீங்க இதெல்லாம் பார்ப்பீங்களாமே" என்றாள். கட்டி இரண்டு செண்டிமீட்டருக்கும் குறைவு. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அக்குள் அல்ட்ராசவுண்டில் நெறி எல்லாம் இயல்பாக இருந்தன. கோலாலம்பூரில் இருக்கும் நாத்தனார், முழு உடம்பும் ஸ்கேன் பண்ணாமல் கத்தி வைக்க விடாதே என்று போனில் சொல்லியிருக்கிறார். வெளியில் எடுத்தால் ஆயிரக்கணக்கில் வெள்ளி ஆகும். அவள் வீட்டுக்காரர் கே.டபிள்யூ.எஸ்.பி. சேமநிதிப் பணத்தை எடுக்கப் படிவம்கூட வாங்கி வைத்துவிட்டார்.

"எடுக்காதேன்னு நான் சொல்ல மாட்டேம்மா. எடுன்னும் சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்டக் கேட்போம். நானும் வர்றேன்" என்றேன். என் பேத்தியின் பழைய பயிற்சிப் புத்தகத்தில் மூன்று கேள்விகளை அவள் கையாலேயே எழுத வைத்தேன். இந்த ஸ்கேன் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது? அந்தக் கேள்வி எனக்கு வர என்ன காரணம் இருக்கிறது? ஏதாவது தெரிந்தால், தெரியாவிட்டால், என் சிகிச்சையில் என்ன மாறும்?

பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணர் கிளினிக்குக்கு ஐந்து வெள்ளி கட்டிவிட்டு உட்கார்ந்தோம். அழைக்க வெகுநேரம் ஆனது. டாக்டர் மலாய்க்காரப் பெண். கீழ்வீட்டுப் பெண் மலாயில் தடங்கலில்லாமல் பேசுவாள். ஆனாலும் அன்றைக்கு வாய் வரவில்லை, புத்தகத்தை அப்படியே நீட்டிவிட்டாள். தமிழில் எழுதியிருந்ததை நான் மலாயில் படித்துச் சொன்னேன். டாக்டர் அவசரப்படவில்லை. எலும்பு வலி உண்டா, இருமல் உண்டா, எடை குறைந்ததா என்று கேட்டார். இரத்தப் பரிசோதனையைத் திரும்பப் பார்த்தார். பிறகு சொன்னார்: உங்களுக்கு இப்போது ஸ்கேன் எடுத்தால் பரவியது தெரியும் வாய்ப்பு மிகக் குறைவு; வேறு ஏதோ ஒரு பொட்டுத் தெரிந்து அதைத் துரத்திக்கொண்டு போகும் வாய்ப்பு அதைவிடக் கூடுதல். முதலில் அறுவை. அப்போதே அக்குளின் முதல் நெறியை எடுத்துப் பார்ப்போம். அதில் அதிகம் இருந்தால், அன்றைக்கு நானே ஸ்கேன் எழுதுகிறேன்.

அவள் வீட்டுக்காரர் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நிச்சயம்தானா டாக்டர்?" என்றார். நிச்சயம் என்று எந்த ஸ்கேனும் சொல்லாது என்றார் டாக்டர்.

கீழ்வீட்டுப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆபரேஷன் தேதி சொல்லுங்க டாக்டர். நான் ஷிப்ட் மாத்தணும்."